கார் செட்டை மாற்றும் முன் கார்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் இருக்கிறீர்கள். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதிலுள்ள பாட்டு செட்டில் மெமரி கார்டு சொருகும் இடமும் யூஎஸ்பியும் இருக்கின்றன. அப்பா சேர்த்து வைத்திருந்த வாரியார் சுவாமிகள் சொற்பொழிவு கேசட்டுகளை எம்பி3 ஆக மாற்றி, 42 பகுதிகளாக, சினிமாப் பாட்டுகளோடு சேர்த்து ஒரு 64 ஜிபி கார்டில் ஏற்றினீர்கள். காரில் போட்டால் 'நோ ஃபைல்' என்கிறது. மச்சானிடம் இருந்த பழைய 8 ஜிபி கார்டில் கொஞ்சம் ஏற்றிப் போட்டால் பாடுகிறது. ஆனால் பகுதி 1 முடிந்ததும் பகுதி 10 வருகிறது, பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. கடையில் காட்டினால் 'செட்டு பழசு, மாத்திடுங்க' என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழுது செட்டிலா, கார்டிலா, ஏற்றிய ஃபைலிலா என்று காசு செலவழிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒன்று. அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து, ஒன்றாம் பகுதிக்குப் பின் இரண்டாம் பகுதியை, நேற்று விட்ட இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம் என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. நான் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவன். வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 17 வருடமாக கார்களுக்கு செட் மாட்டுகிறேன். 'கார்டு பாடவில்லை' என்று என்னிடம் வரும் வண்டிகளில் முக்கால்வாசிக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படுவதில்லை, லேப்டாப்பை எடுத்தால் போதும். உங்கள் செட்டை நான் பார்க்கவில்லை. அதனால் பார்க்காமலே உறுதியாகச் சொல்லக்கூடியது எது, வண்டியில் கை வைத்தால்தான் தெரியும் என்பது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. 8 ஜிபி கார்டு பாடுகிறது என்றால், கார்டு சொருகும் இடம், எம்பி3-யைப் பாட்டாக மாற்றும் சிப், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாமே வேலை செய்கின்றன. செட் கெட்டுப்போகவில்லை. கார்டு என்பது ஒரு அலமாரி மாதிரி. எந்த ஃபைல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் பதிவேடு ஒன்றும் அதற்குள்ளேயே உண்டு. அந்தப் பதிவேட்டை எழுதும் முறைகளுக்குத்தான் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1999-ல் எஸ்டி கார்டு வந்தபோது 2 ஜிபிதான் உச்சம். 2006-ல் வந்த எஸ்டிஹெச்சி வகை 32 ஜிபி வரை போனது. அதற்கு ஃபேட்32 முறை. 2009-ல் எஸ்டிஎக்ஸ்சி வந்தது. 32 ஜிபிக்கு மேலுள்ள கார்டுகள் எல்லாம் அந்த வகைதான், கம்பெனியிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய கார் செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபேட்32 மட்டும்தான் படிக்கத் தெரியும். உங்கள் 64 ஜிபி கார்டைச் சொருகியதும் செட் பதிவேட்டைத் திறக்கிறது, எழுத்து புரியவில்லை, ஃபைலே இல்லை என்று சொல்லிவிடுகிறது. பாட்டு அங்கேயேதான் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. எளிதானது, நல்ல கம்பெனியின் 32 ஜிபி கார்டு ஒன்றை வாங்கிவிடுவது. உங்களுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. 192 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) தரத்தில் 5 நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 7 எம்பி. 32 ஜிபியில் அந்த மாதிரி 4,000 பாட்டுக்கு மேல் போகும். அதாவது 300 மணி நேரத்துக்கு மேல். இங்கிருந்து சென்னை 140 கிலோமீட்டர் சுமார். போய் வந்து போய் வந்து எத்தனை தடவை கேட்டாலும் தீராது.

இன்னொரு வழி, இருக்கிற 64 ஜிபி கார்டையே ஃபேட்32 ஆக்குவது. விண்டோஸில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் போனால், 32 ஜிபிக்கு மேலுள்ள கார்டுக்கு வழக்கமாக ஃபேட்32 என்ற தேர்வே காட்டாது. அதனால்தான் பலர் 'முடியாது' என்று விட்டுவிடுகிறார்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்: கார்டைத் தேர்ந்தெடுத்து, பூட் எதுவும் வேண்டாம் என்று வைத்து, ஃபேட்32 கொடுத்து ஓடவிட்டால் ஒரு நிமிட வேலை. எஸ்டி கார்டு சங்கமே தரும் ஃபார்மட்டர் ஒன்று இருக்கிறது, நல்ல மென்பொருள்தான், ஆனால் அது 64 ஜிபியை எக்ஸ்ஃபேட்டாகத்தான் ஆக்கும், இந்த வேலைக்கு ஆகாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். ஃபார்மட்டே ஆகவில்லை என்றால், மைக்ரோ கார்டைப் பெரிய அடாப்டரில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடாப்டரின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும். அது கீழே 'லாக்' பக்கம் நகர்ந்திருந்தால் எழுதவும் விடாது, அழிக்கவும் விடாது. நகத்தால் மேலே தள்ளினால் சரி.

கார்டு முன்பு ஃபோனில் இருந்ததா என்பதையும் கவனியுங்கள். ஃபோனில் போடும்போது 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆகப் பயன்படுத்து என்று கொடுத்திருந்தால், அந்த ஃபோன் தனக்கு மட்டும் புரியும்படி பூட்டி எழுதிவிடும். காரும் படிக்காது, கம்ப்யூட்டரும் படிக்காது. ஃபார்மட் ஒன்றே வழி. அப்புறம், இது உங்கள் காருக்குப் பொருந்தாது என்றாலும் இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சில கார்களில் கார்டு சொருகும் இடம் வழிகாட்டும் மேப்புக்கு மட்டுமே. அதில் ஏற்கெனவே இருக்கும் கார்டை எடுத்து, பாட்டு ஏற்றலாம் என்று அழித்துவிட்டால் மேப் போனது போனதுதான். அந்தத் தவறைச் செய்துவிட்டு வந்தவர்கள் இருவரைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சந்தேகத்துக்கு உரியது. 64 ஜிபியை ஃபேட்32 ஆக்கினாலும் உங்கள் செட் ஏற்றுக்கொள்ளும் என்று நான் உறுதி தர முடியாது. பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சில செட்டுகள் எஸ்டிஹெச்சி வரைதான் என்று கட்டி வைத்திருக்கும். அப்படி மறுத்தால் கார்டை ஒரு சின்ன யூஎஸ்பி கார்டு ரீடரில் போட்டு யூஎஸ்பியில் சொருகிப் பாருங்கள். அப்போது செட்டுக்கு அது கார்டு என்றே தெரியாது, பென் டிரைவ் என்றுதான் நினைக்கும். கார்டைப் புரிந்துகொள்ளும் வேலையை ரீடர் பார்த்துக்கொள்ளும். அதிலும் பாடவில்லை என்றால் கார்டு போலியாக இருக்கலாம். 64 என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த கார்டுகள் தள்ளுவண்டியிலும் கிடைக்கின்றன, ஆன்லைனிலும் கிடைக்கின்றன. ஏற்றும்போது எல்லாம் ஏறிய மாதிரியே காட்டும். பின்னால் ஏற்றியவை பாடாது, பாதியில் நிற்கும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஃபைல் வகையைப் பற்றிச் சுருக்கமாக. எம்பி3 என்றால் எல்லா செட்டும் பாடும். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவது ஓபஸ் என்ற வேறு வகை. இணையத்திலிருந்து இறக்குவது பெரும்பாலும் எம்4ஏ. இவற்றைப் பழைய செட்டுகள் பல தொடாது. ஃபைல் பெயரின் கடைசியில் இருப்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் அது எம்பி3 ஆகிவிடாது. டப்பாவின் மேல் லேபிளை மாற்றியதுதான் மிச்சம். கம்ப்யூட்டர் பாடிவிடும், கார் பாடாது. மென்பொருளில் போட்டு மாற்ற வேண்டும். பாட்டு ஆப்புகளில் 'டவுன்லோடு' செய்து வைப்பவை பூட்டுப் போட்டவை, அந்த ஆப்புக்குள் மட்டும்தான் திறக்கும், கார்டுக்கு வராது. ஆப்பிள் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புள்ளியும் கீழ்க்கோடும் முன்னால் போட்ட குட்டி ஃபைல் ஒன்று கூடவே போய் உட்காரும். செட் அதையும் பாட்டு என்று எண்ணி ஒவ்வொன்றிலும் தடுமாறும். அவற்றை அழித்துவிடலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இனி வரிசை. உங்கள் அப்பாவுக்கு இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது பகுதி 1, 2, 3 என்று ஒழுங்காகத்தான் இருக்கும். விண்டோஸ் எண்ணை எண்ணாகப் படித்து அடுக்கிக் காட்டுவதால் அப்படி. கார் செட்டுக்கு அந்த அறிவு கிடையாது. அது எழுத்து எழுத்தாகப் பார்க்கும். 1, அடுத்து 10, 11, 12... என்று 19 வரை போய்விட்டுத்தான் 2-க்கு வரும். சூரபத்மன் கதை நடந்துகொண்டிருக்கும், அடுத்த நிமிடம் வள்ளி திருமணத்துக்கு வந்துவிடும். பெயரின் தொடக்கத்திலேயே 001, 002, 003 என்று மூன்று இலக்கமாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். 'பகுதி 001' என்று எழுதுவதை விட '001 பகுதி' என்று எண்ணை முன்னால் வைப்பது நல்லது.

ஆனால் இது மட்டும் போதாது. செட்டுகளில் இன்னொரு ரகம் உண்டு. அது பெயரையே பார்க்காது. பதிவேட்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். அதாவது நீங்கள் எந்த வரிசையில் கார்டுக்குக் காப்பி செய்தீர்களோ அதுதான் பாடும் வரிசை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடும்போது, எந்த ஃபைலைப் பிடித்து இழுத்தீர்களோ அது முதலாவதாகப் போய்விடலாம். கடைசி ஃபைலைப் பிடித்து இழுப்பதுதான் பலருக்கும் கை வழக்கம். அப்போது 42-ஆம் பகுதி முதலில் பாடும். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினால், அழித்த இடம் காலியாக இருப்பதால் புதியது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பவருக்கு செட் பைத்தியம் பிடித்த மாதிரி தோன்றும்.

அதனால் நான் செய்வது இதுதான். எல்லா ஃபைலுக்கும் கம்ப்யூட்டரிலேயே எண் போட்டு முடித்துவிடுவேன். கார்டை ஃபார்மட் செய்து வெறுமையாக்குவேன். பிறகு முதல் ஃபைலைப் பிடித்தபடி மொத்தத்தையும் ஒரே தடவையில் காப்பி செய்வேன். பின்னால் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் நடுவில் கை வைக்காமல், மறுபடி ஃபார்மட் செய்து முழுவதையும் ஏற்றுவேன். 42 பகுதிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பெரிய தொகுப்பாக இருந்தால் டிரைவ்சார்ட் என்ற மென்பொருள் பதிவேட்டையே அகர வரிசைக்கு மாற்றி எழுதிக் கொடுக்கும். உங்கள் செட் இரண்டில் எந்த ரகம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இப்படிச் செய்தால் எந்த ரகமாக இருந்தாலும் வரிசை சரியாக வரும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், செட்டில் 'ரேண்டம்' என்றோ 'மிக்ஸ்' என்றோ சின்ன எழுத்தில் எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும்.

வண்டியை அணைத்து எடுத்தால் முதலிலிருந்து தொடங்குகிறது என்றீர்களே, அது கார்டின் குற்றம் இல்லை. இங்கேதான் ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருக்கலாம். செட்டுக்குப் பின்னால் மூன்று வயர்கள் முக்கியம். கறுப்பு எர்த். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இணைப்பு. மஞ்சள், சாவி இல்லாதபோதும் பேட்டரியிலிருந்து எப்போதும் கரன்ட் வரும் இணைப்பு. செட் தன் நினைவை வைத்திருப்பது மஞ்சள் வயரின் தயவில்தான். மாட்டும்போது அவசரத்தில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி ஒரே சாவி இணைப்பில் கொடுத்துவிடுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. செட் பாடும், குறையே தெரியாது. ஆனால் சாவியை எடுத்த நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும். பழைய காரை வாங்கி, ஏற்கெனவே கைமாறிய செட்டாகவும் இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. செட்டில் மணியைச் சரியாக வையுங்கள். வண்டியை அணைத்துச் சாவியை எடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். மணி முதலிலிருந்து தொடங்கினால் மஞ்சள் வயர்தான் காரணம். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமும் 'மஞ்சளுக்கு நேரடி பேட்டரி சப்ளை, நடுவில் ஃப்யூஸோடு' என்று சொன்னால் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். ஃப்யூஸ் இல்லாமல் இழுக்க விடாதீர்கள், உராய்ந்தால் தீப்பிடிக்கும் வயர் அது. மணி சரியாக இருந்தும் பாட்டு மட்டும் முதலிலிருந்து தொடங்கினால் அந்த செட்டின் குணமே அப்படி. வயரை மாற்றிப் பயனில்லை. அப்போது ஃபோல்டரைக் கொண்டு சமாளிக்கலாம்: ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபைல். அப்பா 'ஏழாவது கேசட், இரண்டாம் பக்கம்' என்று நினைவு வைத்துக்கொள்வார். ஃபோல்டர் பொத்தானை ஆறு தடவை அழுத்தினால் அங்கே போய்விடலாம். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. ஒரு பக்கத்தை இன்னும் மூன்றாக, பத்துப் பத்து நிமிடமாக வெட்டிவிட்டால் தேடுவது இன்னும் எளிது. எம்பி3டைரக்ட்கட் என்ற மென்பொருள் தரம் குறையாமல் வெட்டித் தரும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போக வேண்டாம். ஒரு செட் எத்தனை அடுக்கு, எத்தனை ஃபைல் ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், செட்டின் கையேட்டில் எழுதியிருக்கும்.

கேசட்டிலிருந்து மாற்றியதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 320 கேபிபிஎஸில் மாற்றியிருக்கிறீர்கள். ஒற்றைக் குரலுக்கு அது தேவையில்லை. மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், 64 போதும், மணிக்கு 29 எம்பிதான் ஆகும். நடுவில் அவர் பாடும் திருப்புகழும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் 96 வையுங்கள். ஆனால் இப்போதிருக்கும் 320 ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் மூலம், வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், காருக்கு மட்டும் சின்னதாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்...' என்ற கேசட் இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளில் அதிகம் தேய்த்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். காரில் டயர் சத்தத்துக்கு நடுவே அந்த இரைச்சல் காதில் விழவே விழாது. விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலையில் உண்மையான தொல்லை வேறு: பழைய கேசட்டில் குரல் சன்னமாக இருக்கும், அப்பாவுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பீர்கள், சொற்பொழிவு முடிந்து அடுத்த ஃபோல்டரின் சினிமாப் பாட்டு திடீரென்று காதைப் பிளக்கும். எம்பி3கெயின் என்ற மென்பொருளில் எல்லா ஃபைலையும் போட்டு ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது பாட்டை மறுபடி சுருக்காமல், ஒலி அளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் மாற்றும். தரம் குறையாது.

கேசட் உறைகளில் அப்பா கையெழுத்தில் ஊர்ப்பெயரும் 'வ.ஆ. மாவட்டம்' என்றும் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது, சுவாமிகள் மறைந்தது 1993-ல். பிரித்த பிறகும் பழக்கத்தில் அப்படி எழுதியவர்கள் உண்டு என்பதால் வருடத்தை அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் அந்த உறைகள் ஒரு தடயம். ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து அந்தந்த ஃபோல்டரோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் வையுங்கள். காங்கேயநல்லூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். அவர் 1906-ல் பிறந்த ஊரின் பக்கத்திலேயே இருந்துகொண்டு அவர் குரலைக் காப்பாற்றுகிறீர்கள், அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

கட்டம் கட்டமாகத் தெரியும் பெயர்கள்: உங்கள் கார்டில் தமிழ் சரியாகத்தான் இருக்கிறது, செட்டில் தமிழ் எழுத்து இல்லை. இதை கார்டை மாற்றியோ ஃபார்மட் செய்தோ தீர்க்க முடியாது. சில செட்டுகளில் தமிழ் எழுத்து இருக்கும், ஆனால் சேர்த்து எழுதத் தெரியாது. 'கொ' என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும். ஆண்ட்ராய்டு செட்டுகள்தான் ஒழுங்காகக் காட்டும். இதற்காக மட்டும் செட்டை மாற்றாதீர்கள், பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுங்கள். பெயரை மாற்றியும் கட்டமே வந்தால், செட் ஃபைல் பெயரைக் காட்டவில்லை, ஃபைலுக்குள் இருக்கும் 'டேக்' என்ற குறிப்பைக் காட்டுகிறது என்று அர்த்தம். இணையத்தில் இறக்கிய பாட்டுகளில் பாட்டுப் பெயருக்குப் பதில் இணையதளத்தின் விளம்பரம் ஓடுவதும் இதனால்தான். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஃபைல் பெயரிலிருந்தே டேக் எழுது என்று கொடுத்தால் நூறு பாட்டானாலும் ஒரே நிமிடத்தில் முடியும். வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கம் ஓடும் டாக்ஸி டிரைவர் ஒருவர், வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்காக வங்காளிப் பாட்டு ஃபோல்டர் ஒன்றே வைத்திருக்கிறார். அதற்கும் இதே கட்டம்தான் வந்தது. அவருக்குப் பெயர் படிக்கத் தெரியாது, எண் போட்டுக் கொடுத்தேன். '7-ஐப் போட்டா அழறவங்க கூட அமைதியாயிடறாங்கண்ணா' என்றார்.

பாட்டின் தரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் நான் அதிகம் சொல்ல மாட்டேன். 128-ஐ விட 192 நன்றாக இருப்பது நல்ல ஸ்பீக்கரில் தெரியும். 192-க்கும் 320-க்கும் உள்ள வித்தியாசம் ஓடும் வண்டியில், கண்ணாடியை இறக்கிக்கொண்டு போகும்போது, என் காதுக்குத் தெரிந்ததில்லை. 128-ல் இறக்கிய பாட்டை 320 ஆக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், ஏற்கெனவே போன ஒலி திரும்பி வராது.

வெயில். கத்திரியில் இங்கே 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதில்லை. மூடிய காரின் டேஷ்போர்டு அதைவிட மிக அதிகமாகக் காயும். நல்ல கார்டுகள் 85 டிகிரி வரை வேலை செய்யும் என்று கம்பெனிகள் குறிப்பிடுகின்றன, அதனால் கார்டு உருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் உள்ளே எழுதியது பலவீனமாகும் என்பது உண்மை; மலிவான யூஎஸ்பி ரீடர்களின் உலோக நாக்கும் தளர்ந்துவிடும். காரில் இருப்பது எப்போதும் பிரதியாகவே இருக்கட்டும். கார்டை எடுக்கும் முன் கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். எழுதி முடியாமல் பிடுங்கப்பட்ட கார்டுதான் அடிக்கடி கெட்டு வருகிறது. கார்டின் தங்க நிறப் பட்டைகள் கறுத்திருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள், சட்டை நுனியில் எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டாம்.

ஏலகிரிக்கு அடிக்கடி போவதாக எழுதியிருக்கிறீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் ஃபோன் சிக்னல் போய்ப் போய் வரும், அங்கெல்லாம் கார்டுதான் கைகொடுக்கும். வளைவில் ஒரு கையால் ஃபோல்டர் தேடுவதை மட்டும் செய்யாதீர்கள். மலை ஏறும் நேரத்துக்கு என்று நாற்பது நிமிடப் பாட்டை ஒரே ஃபோல்டரில் போட்டு, அடிவாரத்திலேயே அதை ஓடவிட்டுவிடுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

செட்டை எப்போது மாற்றலாம்? ஃபேட்32-ல், நல்ல கம்பெனியின் 8 அல்லது 16 ஜிபி கார்டில், சரியான எம்பி3 போட்டும் கார்டு இடம், யூஎஸ்பி இரண்டுமே படிக்கவில்லை என்றால். அல்லது பாடிக்கொண்டே இருக்கும்போது வண்டி பள்ளத்தில் இறங்கியதும் நின்று நின்று போனால். அது உள்ளே சால்டரிங் விட்டுப்போனதாக இருக்கலாம், அதையும் மாற்றும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம். உங்கள் செட்டுக்கு இரண்டுமே இல்லை.

இன்று சாயங்காலம் இதை மட்டும் செய்து பாருங்கள். மச்சானின் 8 ஜிபி கார்டை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, முதல் மூன்று பகுதிகளை 001, 002, 003 என்று ஆங்கில எழுத்துப் பெயரோடு ஒரே தடவையில் ஏற்றுங்கள். செட்டின் மணியைச் சரி செய்துவிட்டு, இரண்டாம் பகுதி ஓடும்போது வண்டியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். மணி என்ன காட்டுகிறது, எந்தப் பகுதி பாடுகிறது என்ற இரண்டையும் செட்டின் மாடல் எண்ணோடு இங்கே எழுதுங்கள். மஞ்சள் வயரைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.